பட்டியலில் இல்லாத வள்ளம்

செப்டம்பர் 1, திங்கள்

டவர் கம்பெனிக்காரர்கள் கொடுத்த நோட்டு இது. தினமும் எத்தனை மணிக்குப் பேசினேன், என்ன பேசினேன், எத்தனை பேர் கேட்டார்கள் என்று எழுதி வைக்க வேண்டுமாம். மூன்று வரி போதும் என்றார் இன்ஜினியர் செங்குட்டுவன் சார். என்னிடம் போய் மூன்று வரி கேட்கிறார். பாவம், சென்னைக்காரர், என்னைப் பற்றி யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

பெயர் பெர்பெத்தம்மாள். வயது ஐம்பது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன், ஆறாம் வகுப்பு டீச்சர் தப்பித்துக்கொண்டார். வீட்டுக்காரர் இறந்து ஆறு வருடம். மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற தகரக் கொட்டகைதான் இப்போது என் ஆபீஸ். மூன்று மாதமாக இந்த வேலை. நோட்டுதான் இன்று வந்தது.

வேலை என்னவென்றால், கடலில் இருக்கிற வள்ளக்காரர்களுக்குக் காற்று, அலை, மழைச் செய்தி சொல்வது. சிலேட்டு மாதிரி ஒரு டேப் கொடுத்திருக்கிறார்கள். அதில் செஷன் என்று ஒன்றைத் திறந்து பேசினால், பட்டியலில் சேர்ந்திருக்கிற நாற்பத்தொரு போனிலும் ஒரே நேரத்தில் என் குரல் தானாகவே கேட்கும். யாரும் எடுக்க வேண்டியதில்லை. நாற்பத்தொரு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டால் டவர் மூச்சு முட்டிப் போகுமாம். இதில் டவர் ஒரே ஒரு தடவைதான் அனுப்பும், நாற்பத்தொரு போனும் அதையே பிடித்துக்கொள்ளும். யார் யார் சேர்ந்திருக்கிறார்கள், எந்த டவருக்குக் கீழே அனுப்ப வேண்டும் என்று கணக்குப் பார்ப்பது சென்னையில் எங்கோ இருக்கிற பெட்டி. அது ஒரு சோதனை. எங்கள் கரைதான் அதற்கு எலி.

சேர வேண்டுமென்றால் அவரவர் போனில் அவரவரே 'சேர்' என்று அமுக்க வேண்டும். அடுத்தவர் சேர்த்துவிட முடியாது. நீக்குவதற்கு மட்டும் என் டேப்பில் வழி உண்டு, போன் தொலைந்து போனாலோ விற்றுவிட்டாலோ. இன்னொரு சிவப்புப் பொத்தானும் உண்டு. அது பட்டியலைப் பார்க்காது, டவருக்குக் கீழே இருக்கிற எல்லாப் போனிலும் சங்கு மாதிரி ஊதி என் குரலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும்தான் அது, அதுவும் சார் போனில் சரி என்று சொன்ன பிறகு.

இந்த வேலைக்கு ஆள் தேடியபோது ஊர்க் கமிட்டித் தலைவர் மரியசூசை அண்ணன் சொன்னதை எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. "பெர்பெத்தையே போடுங்க. அவ வாயை மூடச் சொல்லித்தான் இதுவரைக்கும் கமிட்டி கூடியிருக்கு. மொத தடவையாத் தொறக்கச் சொல்லிக் கூடுவோம்."

இன்று மூன்று முறை பேசினேன். கேட்டவர்கள் நாற்பத்தொன்று.

செப்டம்பர் 2, செவ்வாய்

காலை ஐந்து, ஒன்பது, பன்னிரண்டு மணிக்குப் பேச்சு. காற்று லேசு. செய்தி முடிந்ததும், "சூசையடிமை அண்ணன் வள்ளத்துக்கு ஒரு தகவல். மைனி உங்க சாப்பாட்டுத் தூக்கைக் கரையிலயே வச்சிட்டாங்க, நண்டைப் பச்சையாத் தின்னுங்க" என்று சொன்னேன். மதியம் கரை ஏறியவர்கள் எல்லாரும் அவரிடம் நண்டு ருசியாக இருந்ததா என்று கேட்டார்கள். அவரும் சிரித்தார். இந்தக் கடைசி ஒரு வரிக்காகத்தான் போனைத் திறந்து வைத்திருக்கிறோம் என்று பலர் சொல்கிறார்கள். பெருமைதான்.

நாற்பத்தொன்று.

செப்டம்பர் 4, வியாழன்

வியாகுலம் வந்து என்னோடு உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளினாள். அவள் கஸ்பாரின் மனைவி. கஸ்பார் என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன், அதனால் எனக்குக் கொழுந்தன். எங்கள் கரையில் மைனி, அதாவது அண்ணன் மனைவி, கொழுந்தனை என்ன கேலி வேண்டுமானாலும் செய்யலாம், அவன் பொறுத்துக்கொள்ள வேண்டும். அது உரிமை. அவன் கல்யாணத்தன்று அவன் செருப்பை ஒளித்து வைத்து, வெறுங்காலோடு கோயிலுக்குள் நடக்க வைத்தவள் நான்.

இரண்டு வருடத்துக்கு முன் அவனும் அவன் அண்ணனும் போன வள்ளம் கவிழ்ந்தது. அண்ணன் கிடைக்கவில்லை. அதிலிருந்து கஸ்பார் சின்ன வள்ளத்தில் தனி ஆளாக நண்டு வலைக்குப் போகிறான்.

"அக்கா, ஒண்ணு சொல்லுதேன். சிரிக்கப்பிடாது" என்றாள்.

"சிரிக்காம இருக்க நான் என்ன கோயில் சுரூபமா? சொல்லுளா."

"அவரு இடுப்புல கயிறு கட்டிக்கிட்டுத்தான் தொழில் பாக்காரு. ஒரு முனை வள்ளத்துல, ஒரு முனை இடுப்புல. கரை தெரிஞ்ச பெறவுதான் அவுக்காரு, ஒருத்தரும் பாத்திரக் கூடாதுன்னு. கை நடுங்குதாம் அக்கா. அண்ணன் கூப்பிடுத மாதிரியே இருக்காம். உங்ககிட்ட மட்டுந்தான் சொல்லுதேன்."

நான் சிரிக்கவில்லை. என் வாய்க்குப் பூட்டு என்றேன்.

நெத்திலி வறுவலுக்கு உப்பு கூடிவிட்டது. நாற்பத்தொன்று.

செப்டம்பர் 6, சனி

ஒன்பது மணி செஷனில் ஒரு கைமறதி நடந்துவிட்டது.

செஷனை முடிக்க 'மூடு' என்று அமுக்கினால், 'நிச்சயமாகவா?' என்று டேப் கேட்கும். 'ஆம்' என்று இன்னொரு முறை அமுக்க வேண்டும். நான் இரண்டாவதை அமுக்காமல் விட்டுவிட்டேன். கொட்டகையில் மீன் வாங்க வந்த பெண்கள் நான்கு பேர் இருந்தார்கள். பேச்சு எப்படியோ கஸ்பார் பக்கம் திரும்பியது. நான் எழுந்து நின்று சேலை முந்தானையை இடுப்பில் முடிந்து, மறுமுனையைக் கொட்டகைத் தூணில் கட்டி, நடுங்கிக்கொண்டே வலை இழுத்துக் காட்டினேன். "தொட்டில் பிள்ளைக்கு அரைஞாண் கட்டுன மாதிரில்லா கட்டியிருக்கான் எங் கொழுந்தன்! அலை வந்தா அம்மான்னு அழுவான், தாலாட்டத்தான் ஆளில்ல!" நான்கு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் சேர்ந்துதான் போயிருக்கிறது.

நான்கு நிமிடம். கடலில் இருந்த எல்லா வள்ளத்திலும் கேட்டிருக்கிறது. அவன் வள்ளத்திலும்.

கைமறதிதான். யாருக்கும் வரும்.

கேட்டவர்கள் நாற்பத்தொன்று.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்று கடலுக்கு ஓய்வு. பூசை முடிந்து எல்லாரும் வெளியே நிற்கும்போது கஸ்பார் நேரே என்னிடம் வந்தான். சட்டை இஸ்திரி போட்டிருந்தான். அதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

"இனிமே உங்க சத்தம் என் வள்ளத்துல கேக்கப்பிடாது" என்றான். மைனி என்று சொல்லவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். சுற்றி ஐம்பது பேர் நின்றார்கள். என் நாக்கு எனக்கு முன்னால் ஓடியது. "அப்போ காதுலயும் ஒரு கயிறு கட்டிக்கிடு கொழுந்தா" என்றேன். ஜனம் சிரித்தது. அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனான். வியாகுலம் என் பக்கம் திரும்பவே இல்லை.

சாளைக் குழம்பு வைத்தேன். சாப்பிடவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

கேட்டவர்கள் நாற்பது.

செப்டம்பர் 9, செவ்வாய்

நாற்பதுதான். எண்ணிக்கை குறைந்திருக்கிறதே என்று சார் போனில் கேட்டார். கஸ்பார் என்று ஒருவர், கோபத்தில் அவராகப் போயிருப்பார் என்றேன். "சரிக்கா, மனசு மாறினா அவரே திரும்பச் சேந்துக்கட்டும்" என்றார்.

கொட்டகைத் தகரத்தில் ஓட்டை. மெழுகு வைத்து அடைத்தேன்.

செப்டம்பர் 10, புதன்

சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். வியாகுலம் சண்டை போடவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"ரெண்டு மூணு நாளா நீங்க பேசவே இல்லையாக்கா? போனு சும்மா கெடக்குன்னு சொன்னாரு."

"என் சத்தமே வேண்டாம்னாரே?"

"ரோசத்துல சொன்னாரு. ஆனா போனைப் பிளாஸ்டிக் பையில சுத்திக் கழுத்துல தொங்கப்போட்டுட்டுத்தான் போறாரு." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "முன்னால கரை மறையுற தூரம் போக மாட்டாரு. இந்த மூணு மாசமாத்தான் போறாரு. உங்க சத்தம் நேரத்துக்கு வருதுல்லா, அதைக் கேட்டா கரை கூடவே வருத மாதிரி இருக்காம். என்ன கேலி பண்ணுனாலும் அந்தச் சத்தம் வேணுங்காரு. அதான் கேக்க வந்தேன். பேசுதீங்களா, இல்லையா?"

"டவர்ல என்னமோ கோளாறு போல" என்றேன்.

"அப்போ சரி. அப்படித்தான் அவரும் நெனைச்சாரு" என்று போய்விட்டாள்.

இன்று கஸ்பார் எங்கே வலை விட்டானோ தெரியாது. யாரோடும் அவன் பேசுவதில்லையாம். பேசினால்தானே மற்றப் போன்கள் பேசுவது தெரியும்.

செப்டம்பர் 11, வியாழன்

நாளைக்கு அவனிடம் சொல்லிவிட வேண்டும்.

செப்டம்பர் 12, வெள்ளி

காலை 10.40. மேற்கே இருந்து கச்சான் காற்று பலமாக இறங்குகிறது, எல்லாரும் உடனே கரைக்குத் திரும்ப வேண்டும் என்று வானிலை ஆபீசிலிருந்து செய்தி. உடனே செஷன் திறந்து மூன்று தடவை சொன்னேன். நாற்பது போனிலும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வள்ளங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

கஸ்பாரைக் காணவில்லை.

சிவப்புப் பொத்தான் அமுக்கிச் சொன்னேன். நேரம் 10.40.

இரண்டு மணிக்குச் சூசையடிமை அண்ணனும் இன்னொரு வள்ளமும் திரும்பக் கடலுக்குப் போய் இழுத்து வந்தார்கள். உயிர் இருக்கிறது.

செப்டம்பர் 13, சனி

ஆஸ்பத்திரியில் இருந்து காலையில் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்களாம். விலா எலும்பில் அடி. வலை எல்லாம் போய்விட்டது.

சூசையடிமை அண்ணன் ஏலக்கூடத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். "சங்கு ஊதவும் வலையை அறுத்து விட்டுட்டுத் திரும்பியிருக்கான். பாதி வழியில காத்து பிடிச்சிட்டு. அலை தூக்கி வெளிய எறிஞ்சிருக்கு. இடுப்புக் கயிறு மட்டும் இல்லன்னா, இன்னைக்கு அவனைத் தேடிட்டுத்தான் இருப்போம். கயிறு அறுத்த எடத்துல தோலு உரிஞ்சு கெடக்கு."

கேட்டுக்கொண்டிருந்த நான்கு பெண்களில் இரண்டு பேர் அன்று கொட்டகையில் சிரித்தவர்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் டேப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

பூசைக்குப் பிறகு கமிட்டி கூடியது. கஸ்பார் ஒரு பக்கமாகச் சாய்ந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

மரியசூசை அண்ணன் சொன்னார். "ரோசப்பட்டுப் பட்டியல்ல இருந்து வெளிய போனது உன் தப்பு. உன்னாலே ரெண்டு வள்ளம் அந்தக் காத்துல திரும்பப் போச்சு. அவனுவளுக்கு ஒண்ணு ஆகியிருந்தா யாரு பதில் சொல்லுதது? உடம்பு தேறுன பெறவும் ஒரு மாசம் வள்ளம் எறக்கக் கூடாது. எல்லாருக்கும் அது ஒரு பாடமா இருக்கட்டும்."

"நான் வெளிய போகல" என்றான் கஸ்பார். "சத்தம் வேண்டாம்னு வாயால சொன்னேன். கையால எதையும் அமுக்கல."

"அப்போ போனு தானா அமுக்கிச்சோ?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள். சிரிப்பு.

"நான் பொய் சொல்லுத ஆளு இல்ல" என்றான். அதைச் சொல்ல மூச்சு இழுத்தபோது விலா வலித்திருக்க வேண்டும், கையால் பிடித்துக்கொண்டான்.

மரியசூசை அண்ணன் என்னைப் பார்த்தார். "நீ சொல்லு பெர்பெத்து. உன்கிட்டதானே பட்டியல் இருக்கு."

"அதெல்லாம் மெஷினுக்குத்தான் தெரியும் அண்ணே" என்றேன்.

கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டான். வியாகுலம் அவன் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிப் போனாள்.

செப்டம்பர் 15, திங்கள்

சாருக்கு நானே போன் செய்தேன். பட்டியலில் யார் சேர்ந்தார்கள், யார் போனார்கள் என்று மெஷின் எழுதி வைத்திருக்குமா என்று கேட்டேன்.

"எல்லாம் இருக்கும்க்கா. தானா வெளிய போனாரா, இங்கிருந்து நீக்குனதா, எத்தனை மணிக்குன்னு வரைக்கும் இருக்கும். ஆனா மேல யாரும் கேக்கலையே. ஆள் பொழைச்சிட்டாரு. எங்களுக்குச் சிவப்புப் பொத்தான் வேலை செஞ்சுதுன்னு ரிப்போர்ட்டு, அவ்வளவுதான். மூணு மாசம் கழிச்சு அந்தப் பதிவும் அழிஞ்சிடும். விடுங்க."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அடுப்பில் பால் வைத்தேன். பொங்கி வழியும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பேசினேன். காற்று, அலை. கேலி எதுவும் சொல்லவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நாற்பது.

செப்டம்பர் 18, வியாழன்

இந்த நோட்டைச் சார் வாங்கிப் பார்ப்பாரோ மாட்டாரோ. பார்க்கட்டும். முன் பக்கங்களைக் கிழிக்கலாம் என்று கை போனது. கிழிக்கவில்லை. அங்கே எழுதியது தப்பு, இங்கே எழுதுவது சரி.

சனிக்கிழமை ஆறாம் தேதி. 'ஆம்' அமுக்க மறந்தது உண்மை. ஆனால் செஷன் திறந்திருந்தால் டேப்பின் மேலே ஒரு பச்சைக் கோடு எரியும். முந்தானையைத் தூணில் கட்டும்போதே அதைப் பார்த்துவிட்டேன். அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது போய் மூடினால் சிரிப்பு நின்றுவிடும் என்று இருந்தது. கடலிலும் சிரிப்பார்களே என்றும் இருந்தது. முதல் அரை நிமிடம்தான் கைமறதி. மற்றதெல்லாம் நான்.

ஞாயிற்றுக்கிழமை ஏழாம் தேதி. பூசையிலிருந்து வந்து சேலைகூட மாற்றாமல் டேப்பை எடுத்தேன். பட்டியலில் கஸ்பார் பெயரைத் தொட்டு 'நீக்கு' என்று அமுக்கினேன். கேட்கக் கூடாது என்றாயே, கேட்காமல் இரு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அமுக்கினேன். அவன் போனில் ஒரு சத்தமும் வராது, ஒரு எழுத்தும் வராது. சும்மா இருக்கும், அவ்வளவுதான். இரண்டு நாளில் தவித்துப்போய், மைனி எனக்கு மட்டும் கேட்கவில்லையே என்று வந்து நிற்பான், அப்போது ஒரு நல்ல கேலி சொல்லிச் சேர்ந்துகொள்ள விடலாம் என்று நினைத்தேன். அந்தக் கேலியை யோசித்துக்கூட வைத்திருந்தேன். அதை எழுத மாட்டேன்.

புதன்கிழமை வியாகுலம் வந்தபோது எல்லாம் தெரிந்துவிட்டது எனக்கு. நான் நீக்கியது தெரியாமல், ஆபத்து என்றால் எப்படியும் என் சத்தம் வரும் என்று அவன் நம்பிக்கொண்டிருக்கிறான். தெரிந்தும் டவர் கோளாறு என்றேன்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டாம் தேதி. செய்தி வந்தது 10.40. சிவப்புப் பொத்தானை அமுக்கியது 11.01. இடையில் இருபத்தொரு நிமிடம் இருக்கிறது. அதில் நான் செய்தது இதுதான். அவன் போனுக்குப் பன்னிரண்டு தடவை அடித்தேன். என் நம்பர் என்பதால் எடுக்கவில்லை. வியாகுலத்தை விட்டு அடிக்கச் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். சாரிடம் அனுமதி கேட்டிருக்கலாம். நாற்பது பேரும்தான் திரும்புகிறார்களே, யாருக்காக என்று கேட்பார். கொட்டகை வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தேன். அவனே வானத்தைப் பார்த்துத் திரும்பிவிடுவான் என்று சொல்லிக்கொண்டேன். கடைசியில் வானம் கறுத்த பிறகுதான் சாருக்கு அடித்தேன். அப்போதும் அவராகப் போனவர் என்றுதான் சொன்னேன். "யாரா இருந்தா என்னக்கா, அமுக்குங்க!" என்று அவர் கத்தினார். கேட்ட மறு நொடி கிடைத்த அனுமதி. அதற்காக இருபத்தொரு நிமிடம்.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே பெரியது இதுதான்.

செப்டம்பர் 20, சனி

மரியசூசை அண்ணனிடம் நாளைக்குக் கமிட்டியைக் கூட்டச் சொன்னேன். "யாரைப் பத்திப் புகாரு?" என்றார். "என்னைப் பத்தி" என்றேன். கேலி என்று நினைத்துச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுதான் சொன்னேன். பச்சைக் கோட்டிலிருந்து 11.01 வரைக்கும். நடுவில் ஒரு இடத்தில் என் வாய் பழக்கத்துக்குச் சிரிக்கப் பார்த்தது. அடக்கினேன்.

அவன் என்று எழுத இனிக் கை வரவில்லை. அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பத்து நாப்பதுக்கா செய்தி வந்துச்சு?"

"ஆமா."

"பத்து நாப்பதுக்கு நான் வலை இழுத்துட்டு இருந்தேன். காத்தே இல்ல." வேறு யாருக்கோ சொல்வது போலச் சொன்னார். "அப்போத் திரும்பியிருந்தா கரையேறியிருப்பேன்."

எழுந்து போய்விட்டார்.

வியாகுலம் போகவில்லை. என் முன்னால் வந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"கயித்தைப் பத்தி எங்க அம்மைகிட்டக்கூட நான் சொல்லலக்கா" என்றாள். அவ்வளவுதான்.

கஸ்பார் மேல் போட்ட தடையை அந்த இடத்திலேயே எடுத்துவிட்டார்கள். போன ஞாயிறு பின்னாலிருந்து சிரித்தவர்கள் எழுந்து, நாங்களும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். ஆள் அதற்குள் போயாயிற்று. டேப்பை மரியசூசை அண்ணன் முன்னால் வைத்து, வேறு ஆளைப் பாருங்கள் என்றேன்.

"வீட்டுக்குள்ள போய் ஒளியலாம்னு பாக்கியா?" என்றார். "அது நடக்காது. ஒக்காந்து பேசு. தெனமும் எங்க மூஞ்சியப் பாரு, நாங்களும் உன் மூஞ்சியப் பாக்குதோம்."

செப்டம்பர் 22, திங்கள்

சாரிடமும் சொன்னேன். "இனிமே நீக்குற வழியை உங்க டேப்புல இருந்து எடுத்துடறேன்க்கா" என்றார். நான் கேட்க நினைத்ததும் அதுதான்.

கஸ்பாரை நானே சேர்க்க முடியுமா என்று கேட்டேன். முடியாது. அவர் போனில் அவர் கைதான் அமுக்க வேண்டும். சென்னைப் பெட்டியாலும் முடியாது.

நாற்பது.

செப்டம்பர் 25, வியாழன்

மீன் வாங்க வருகிற பெண்கள் கொட்டகைக்குள் வருவதில்லை. வெளியே நின்று ஏலக்கூடத்துத் தராசில் எடை பார்த்துவிட்டுப் போகிறார்கள். குற்றம் சொல்ல முடியாது. இங்கே பேசினால் எங்கே போய்க் கேட்கும் என்று யாருக்குத் தெரியும்.

நாற்பது.

செப்டம்பர் 28, ஞாயிறு

நாளைக்குக் கஸ்பார் கடலுக்குப் போகப் போகிறாராம். சூசையடிமை அண்ணன் பழைய வலை ஒன்றைக் கொடுத்திருக்கிறார். பட்டியலில் சேரச் சொல்லி மரியசூசை அண்ணன் போய்ப் பேசியிருக்கிறார். "சேந்தா பெறவு என்னைக்கு எடுத்துப் போடுவாங்களோ" என்றாராம். இப்போது முடியாது, அந்த வழியையே எடுத்துவிட்டார்கள் என்று சொல்லியும் கிழிந்த வலையைத்தான் தைத்துக்கொண்டிருந்தாராம்.

செப்டம்பர் 29, திங்கள்

ஐந்து மணி செஷனில் நாற்பது பேருக்குச் சொன்னேன். மூடினேன், 'ஆம்' அமுக்கினேன், பச்சைக் கோடு அணைந்ததைப் பார்த்தேன். பிறகு அதே செய்தியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கரையோடு தெற்கே நடந்தேன். அவருடைய வள்ளம் கடைசியில் கிடக்கும். கால் மைல் தூரம்.

பத்தடி தள்ளி நின்று படித்தேன். காற்று இவ்வளவு, அலை இவ்வளவு, மதியத்துக்கு மேல் மழை இருக்கலாம். அவர் வலையை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

ஒன்பது மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. சூசையடிமை அண்ணனிடம் கேட்டேன், அவர் அந்தப் பக்கம்தான் வலை விடுகிறார். "நான் சத்தங்குடுத்துச் சொல்லிருதேன், நீ காலைல மட்டும் நட" என்றார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

போனேன். படித்தேன். நிமிரவில்லை.

அக்டோபர் 1, புதன்

அதேதான். திரும்பி வரும்போது கரையில் நின்ற ஒருத்தர், "என்ன பெர்பெத்து, டவர் நடந்து போகுது!" என்றார். நல்ல கேலி. என்னுடையதாக இருந்தால் நாள் முழுக்கச் சிரித்திருப்பேன். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

நாற்பது.

அக்டோபர் 2, வியாழன்

வியாகுலம் அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொடுக்க வந்திருந்தாள். நான் படித்து முடிக்கும்வரை அவள் அவரோடு பேசாமல் நின்றாள். கேட்கட்டும் என்றுதான் நின்றாளோ, என்னோடு பேச வேண்டாம் என்றுதான் நின்றாளோ.

அக்டோபர் 4, சனி

மேற்கே வானம் கலங்கி இருந்தது. ஐந்து மணிச் செய்தியில் 'பலத்த காற்று வாய்ப்பு' என்று மட்டும்தான் இருந்தது, நேரம் இல்லை. நாற்பது பேருக்கும் அப்படியே சொல்லிவிட்டுத் தெற்கே நடந்தேன். பத்தடி தள்ளி நின்று படித்தேன். முடித்துவிட்டுத் திரும்பினேன்.

"கச்சான் எத்தனை மணிக்கு எறங்குமாம்?"

அவர்தான். வள்ளத்தைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார். மைனி என்று இல்லை, ஒன்றும் இல்லை.

மத்தியானத்துக்கு மேல்தான் என்று வாயில் வந்துவிட்டது. வழக்கமாக அப்படித்தான் இருக்கும். ஆனால் தாளில் அது இல்லை.

"தெரியல. கேட்டுட்டு வந்து சொல்லுதேன்" என்றேன்.

ஓடினேன். ஐம்பது வயதில் மணலில் ஓடுவது ஓட்டமல்ல, ஆனால் ஓடினேன். வானிலை ஆபீசில் முதல் இரண்டு தடவை யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தவர், பார்த்துச் சொல்கிறேன், இருங்கள் என்று போனவர் நெடுநேரம் வரவில்லை. கொட்டகை வாசலில் நின்று பார்க்கிறேன், மற்ற வள்ளங்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கிப் போய்க்கொண்டிருக்கின்றன. கடைசியில் வந்து சொன்னார். காற்று ஒன்பதரைக்கெல்லாம் இறங்கிவிடும். அங்கேயே செஷனைத் திறந்து, போனவர்களுக்கும் போகிறவர்களுக்கும் சொன்னேன், எட்டரைக்குள் எல்லாரும் திரும்பிவிட வேண்டும் என்று. மூடினேன்.

பிறகு திரும்ப ஓடினேன். ஒரு செருப்பு எங்கேயோ கழன்றுவிட்டது. வெளிச்சம் நன்றாக வந்துவிட்டது. இவ்வளவு நேரம் யார் காத்திருப்பார்கள், போயிருப்பார், சூசையடிமை அண்ணனுக்குத்தான் போன் செய்து சொல்லச் சொல்ல வேண்டும் என்று எண்ணிக்கொண்டே வந்தேன்.

கரை முழுக்கக் காலியாக இருந்தது. கடைசியில் ஒரு வள்ளம் மட்டும் மணலில் கிடந்தது. அவர் அதன் மேல் சாய்ந்து, நான் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.